பிழையும் பிழைத்தலும்: போற்றித் திருஅகவலின் கருப்பகுதியை இன்று எப்படி வாசிப்பது?



திருவாசகத்தில் நான்காவதாக வருவது போற்றித் திருஅகவல். மாணிக்கவாசகர் தில்லையில் பாடியது. மொத்தம் 225 அடிகள். அதில் தாயின் வயிற்றில் கரு வளர்வதைச் சொல்வது வெறும் 13 அடிகள்தான். அந்த 13 அடிகளை மட்டும் இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

காரணம் உண்டு. இந்தப் பகுதியை வைத்து இரண்டு விதமான பேச்சு நம்மிடையே நடக்கிறது. மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது ஒன்று: "உயிரணு இரண்டாகப் பிரிவதை அறிவியல் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம்ம ஆளு பாடிட்டாரு." அறிவியல் பிரிவு மாணவர்கள் சொல்வது இன்னொன்று: "இதெல்லாம் அந்தக் காலத்துக் கற்பனை டீச்சர், தேர்வுக்கு மனப்பாடம் பண்ணா போதும்." கேட்பதற்கு எதிரெதிராக இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். பாட்டை வாசிக்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

படிவம் 4 உயிரியல் பாடத்தில் உயிரணுப் பிரிவு வருகிறது. அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிற அதே பிள்ளைதான் அடுத்த பாடவேளையில் நம்மிடம் தமிழ் இலக்கியம் படிக்க வருகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போமே.

பகுதி என்ன சொல்கிறது?

யானை முதல் எறும்பு வரையுள்ள பிறவிகளைக் கடந்து வந்த ஓர் உயிர், மனிதப் பிறவிக்காகத் தாயின் வயிற்றுக்குள் வருகிறது. முதலில் அங்குள்ள கிருமிகளின் சண்டையிலிருந்து தப்புகிறது. பிறகு மாதக் கணக்கு. முதல் மாதம் ஓர் ஆபத்து, இரண்டாம் மாதம் இன்னொன்று, நான்காம் மாதம் பெரும் இருட்டு, எட்டாம் மாதம் நெருக்கடி, ஒன்பதாம் மாதம் துன்பம். பத்தாம் மாதத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்து படும் துயரக் கடல். அத்தனையிலும் தப்பித்தான் பிள்ளை வெளியே வருகிறது.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. பிறந்த பிறகும் பசி, தூக்கம், ஆசை, கல்வி, செல்வம், வறுமை என்று ஒவ்வொன்றிலிருந்தும் தப்ப வேண்டியிருக்கிறது. ஆமாம், கல்வியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! தேர்வெழுதும் மாணவர்கள் இதற்கு மட்டும் உடனே தலையாட்டுவார்கள்.

இத்தனைக்கும் கவிஞர் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது ஒரே வினைச்சொல்: பிழைத்தல். அடிதோறும் அந்தச் சொல்லில்தான் போய் நிற்கிறார். ஒவ்வொரு மாதமும் 'வளர்ந்தது' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கை வந்தது, கால் வந்தது என்றும் சொல்லவில்லை. பிழைத்தது, பிழைத்தது என்கிறார். இந்தப் பகுதியின் உயிர் இந்த வினையில் இருக்கிறது. மாதங்களின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு இந்த வினையைத் தாண்டிப் போகிறவர் பாட்டைத் தவறவிட்டவர்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பிழை என்றால் தவறு. பிழைத்தல் என்றால் தவறு செய்தல். அம்பு குறி தவறுதலும் பிழைத்தல்தான். அதே பிழைத்தலுக்கு உயிர் தப்புதல் என்றும், வாழ்க்கை நடத்துதல் என்றும் பொருள் உண்டு. நம் கொள்ளுத் தாத்தாக்கள் கப்பலேறிக் கெடாவுக்கு வந்ததை எப்படிச் சொல்கிறோம்? "பிழைக்க வந்தாங்க." ஒரு மொழி தவறுக்கும் உயிர் வாழ்வதற்கும் ஒரே வினையை வைத்திருக்கிறது. உயிரணுப் பாடத்தைப் படித்துவிட்டு வந்தால் இது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

உயிரணுப் பாடம் என்ன சொல்கிறது?

அறிவியல் படிக்காத தமிழாசிரியர்களுக்காக இந்தப் பகுதி. ஓர் உயிரணு பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. மனிதனுக்கு 46 குரோமோசோம். படியெடுத்த பின் ஒவ்வொன்றும் இரட்டையாக நிற்கும். அந்த இரட்டைகளைப் பிரித்து, புதிதாக வரும் இரண்டு உயிரணுக்களுக்கும் 46, 46 என்று சரியாகப் பங்கிட வேண்டும்.

இதைப் பள்ளிச் சுற்றுலாவாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பஸ். 46 ஜோடி இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தர் இந்தப் பஸ், இன்னொருத்தர் அந்தப் பஸ். ஒரு பிள்ளை கழிவறையில் இருந்தாலும் ஆசிரியர் பஸ்ஸைக் கிளப்ப விடுவாரா? தலையை எண்ணி முடிக்கும்வரை நிற்கத்தான் வேண்டும். உயிரணுவிலும் அப்படித்தான். ஒரே ஒரு குரோமோசோம் கதிர் இழையோடு சரியாகப் பிணையாமல் நின்றாலும், "பொறு" என்ற சமிக்ஞை போகிறது. மேட்2 போன்ற புரதங்கள் அந்தச் சமிக்ஞையைச் சுமக்கின்றன. எல்லாம் பிணைந்த பிறகுதான் இரட்டைகள் பிரியும்.

இப்படி நின்று சரிபார்க்கும் இடங்களைச் சோதனைச் சாவடி என்கிறோம். படியெடுக்கத் தொடங்குமுன் ஒன்று, படியெடுத்து முடித்த பின் ஒன்று, பங்கிடும்போது மேலே சொன்ன ஒன்று. இந்தக் கருத்தை லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை ஆராய்ந்து வளர்த்தார். 1989-இல் அவரும் டெட் வெய்னர்ட்டும் எழுதிய கட்டுரை சோதனைச் சாவடி என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியது. 2001-இல் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹன்ட் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. டிம் ஹன்ட் தம் கண்டுபிடிப்பைச் செய்தது கடல் முள்ளெலியின் முட்டைகளில். ஆக, இந்த அறிவின் ஒரு வேர் கருவிலேயே இருக்கிறது.

பாலூட்டிக் கருவின் முதல் வாரம்

தவளைக் கரு அவசரக்காரி. முதல் 12 பிரிவுகளை ஏறத்தாழ அரை மணிக்கு ஒன்று என்று முடித்துவிடும். அந்த நேரத்தில் சாவடிகள் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். பாலூட்டிகள் அப்படி இல்லை. மனிதக் கரு முதல் முறை இரண்டாகப் பிரியவே ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. மூன்றாம் நாளில் சுமார் 8 உயிரணு. ஐந்தாம் நாளில் உள்ளே நீர் தேங்கிய ஒரு பந்து. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. நம் பாட்டிமார் "கரு தங்கிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

இவ்வளவு நிதானமாகப் போவதால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைப்போம். அங்கேதான் ஆச்சரியம். 2009-இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள், செயற்கைக் கருத்தரிப்பில் உருவான மூன்று, நான்கு நாள் வயதுக் கருக்களின் உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் இளம் வயதினர். ஆனாலும் பெரும்பாலான கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை தவறிய உயிரணுக்கள் இருந்தன. முதல் சில பிரிவுகளில் பங்கிடும் சாவடி பாலூட்டிகளிலும் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் எண்ணி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது.

அப்படியென்றால் சாவடியே தேவையில்லையா? அதுவும் இல்லை. மேட்2 மரபணுவை முழுவதும் நீக்கிய சுண்டெலிக் கரு ஒட்டிய பின் ஓரிரு நாளில், அதாவது ஆறு ஏழு நாள் வயதில், அழிந்துபோகிறது. டி.என்.ஏ. சேதத்தைக் கவனிக்கும் செக்1 என்ற மரபணு இல்லாத கருவும் கருப்பையில் ஒட்டும் காலத்திலேயே போய்விடுகிறது. 2000-இல் வெளிவந்த ஆய்வுகள் இவை. சாவடி தளர்ந்திருந்தால் கரு தடுமாறும். இல்லவே இல்லையென்றால் கரு இல்லை.

தளர்வான சாவடியைத் தாண்டி வந்த தவறான உயிரணுக்களின் கதி என்ன? 2016-இல் கேம்பிரிட்ஜில் மக்தலேனா ஜெர்னிக்கா-கோட்ஸ் குழு சுண்டெலிக் கருவில் இதைப் பார்த்தது. பிள்ளையாக வளரப்போகும் பகுதியில் தவறான உயிரணுக்கள் தாமே மடிந்தன. நஞ்சுக்கொடியாகப் போகும் பகுதியில் அவை மெதுவாகப் பிரிந்து பின்தங்கின. பாதிக்குப் பாதி நல்ல உயிரணு இருந்த கருக்கள் பிறப்புவரை போயின. அதற்கு முந்தைய ஆண்டு, 2015-இல், இத்தாலிய மருத்துவர்கள் இப்படிக் கலந்த கருக்களை 18 பெண்களுக்குப் பொருத்தியதில் 6 ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன.

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். நாற்றங்காலில் ஒரே தடவை பார்த்துவிட்டு விடுவதில்லை. சிறு பையில் இருக்கும்போது தேறாத கன்றை எடுத்துவிடுவார்கள். பெரிய பைக்கு மாற்றிய பின்னும் பார்த்துக் கழிப்பார்கள். முதல் கண்ணுக்குத் தப்பியது இரண்டாம் கண்ணில் படும். கருவும் இப்படித்தான்: பிரியும்போது ஒரு காவல், பிரிந்த பின் ஒரு களையெடுப்பு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு பிள்ளையைக் கரை சேர்க்கின்றன.

இப்போது பழைய வினைச்சொல்லுக்குத் திரும்புங்கள். கரு பிழைக்கிறது, தவறு செய்கிறது என்ற பொருளில். கரு பிழைக்கிறது, உயிர் தப்புகிறது என்ற பொருளிலும். முதல் வாரத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஒரு தமிழ் வினை எனக்குத் தெரியவில்லை.

ஒட்டுவதும் ஒட்டாததும்

இதைப் படித்தவுடன் "பார்த்தீங்களா, அன்றே சொன்னார்!" என்று யாராவது துள்ளினால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். பொருத்தம் சொல்லில் இருக்கிறது. அறிவியல் தகவல் பாட்டில் இல்லை. ஆதாரத்தோடு பார்ப்போம்.

முதல் மாதத்தைப் பற்றிய அடியில் தான்றிக்காயும் 'இருமை' என்ற சொல்லும் வருகின்றன. தான்றிக்காய் அளவுள்ள கரு இரண்டாகப் பிளந்துபோகாமல் தப்பியது என்று உரை சொல்வார்கள். 'இருமை என்றால் உயிரணு இரண்டாவது' என்று மேடையில் முழங்குவது இந்த இடத்தில்தான். கணக்குப் போடுவோம். முதல் பிரிவு நடப்பது ஏறத்தாழ முதல் நாளின் முடிவில். மாத முடிவில் இல்லை. நான்கு வாரக் கருவின் நீளம் சுமார் அரை சென்டிமீட்டர், ஓர் உளுந்து அளவு. தான்றிக்காயோ இரண்டு சென்டிமீட்டர் வரும். அளவும் ஒட்டவில்லை, காலமும் ஒட்டவில்லை.

இவற்றைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. கவிஞருக்கு இரண்டாவது ஓர் ஆபத்து. கரு அதிலிருந்து தப்ப வேண்டும். உயிரணுவுக்கோ இரண்டாவதுதான் வாழ்க்கை. இரண்டாகவில்லை என்றால் பிள்ளையே இல்லை. ஆபத்து இருப்பது பங்கு பிசகுவதில். ஆக, அந்த அடியை உயிரணுப் பிரிவு என்று படித்தால் கவிஞரின் பொருளையே தலைகீழாக்கிவிடுகிறோம். புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னதை அழிக்கிறோம்.

கிருமியை விந்தணு என்று படிப்பதும் இதே மாதிரி இழுவைதான். பாட்டில் அது வயிற்றுக்குள் இருக்கும் பகை. கருவுக்குக் காரணமாக அங்கே சொல்லப்படவில்லை.

இன்னொன்று. பாட்டில் ஆபத்து மாதாமாதம் சீராக வருகிறது, பத்தாம் மாதத்தில் கடலாகிறது. அறிவியலில் சல்லடை மிக நெருக்கமாக இருப்பது தொடக்கத்தில். கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் முதல் பரிசோதனை எழுதப்படும்போது, மிகப் பெரிய கண்டங்கள் பலவற்றைக் கரு ஏற்கனவே தாண்டியிருக்கும். பல கருக்கள் உருவானதே அம்மாவுக்குத் தெரியாமல் போய்விடும். இந்த வேறுபாட்டுக்காகக் கவிஞரைக் குறை சொல்லக் கூடாது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் வயிறு தெரியத் தொடங்கிய பிறகுதான் கணக்குத் தொடங்கும்.

அப்படியானால் ஒட்டுவது எது? பிறப்பு தானாக நடப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல தப்பித்தல்கள் சேர்ந்ததே ஒரு பிள்ளை என்ற பார்வை. சங்கிலி ஒட்டுகிறது, கண்ணிகள் ஒட்டவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் தேர்வில் எழுதினாலே நீங்கள் வாசித்திருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

அம்மாவைக் குற்றம் சொல்லாத பாட்டு

இனி, எனக்கு இந்தப் பகுதி முக்கியமாகப் படுவதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' என்று ஒரு பகுதி உண்டு. கரு உருவாவதைத் திருமூலர் இன்னும் விரிவாகப் பேசுகிறார். அங்கே மூச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லப்படுகிறது. தாயின் வயிற்றில் மலமும் நீரும் மிகுந்தால் பிள்ளை மந்தமாகவோ பேச்சின்றியோ பார்வையின்றியோ பிறக்கும் என்றும் வருகிறது. யோக நூலின் மரபில், அதன் காலத்தில் வைத்துப் படிக்க வேண்டிய பாடல்கள் இவை. ஆனால் வகுப்பில் இதை விளக்கமில்லாமல் ஒப்புவித்துவிட்டுப் போகக் கூடாது. சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் தம்பியோ தங்கையோ உள்ள பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டுக்குப் போய் அம்மாவை என்ன கண்ணோடு பார்க்கும்?

போற்றித் திருஅகவலை அதன் பக்கத்தில் வையுங்கள். பத்து மாதமும் ஆபத்துகள் வருகின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தாய் செய்ததால் வந்தது என்று சொல்லப்படவில்லை. தொடக்கத்தில் அவள் வயிறு ஓர் இடமாக வருகிறது. பத்தாம் மாதத்தில் அவளே வருகிறாள், பிள்ளையோடு சேர்ந்து துன்பப்படுகிறவளாக. காரணமாக வரவில்லை, கூட்டாளியாக வருகிறாள். 13 அடிக்குள் இதைச் செய்திருப்பது பெரிய விஷயம்.

இது ஏன் இன்றும் தேவை? தோட்டத்திலும் சரி, தாமானிலும் சரி, ஒரு கரு கலைந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி என்ன? "என்ன சாப்பிட்டே?" "எதைத் தூக்கினே?" "வேலைக்குப் போகாதேன்னு சொன்னேனே." அன்னாசி, பப்பாளி, பால்வாளி, மோட்டார் சைக்கிள் என்று நீளும் ஒரு குற்றப்பத்திரிகை. உயிரணுப் பிரிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "அப்படின்னா எங்க சித்தி மேல தப்பு இல்லையா டீச்சர்?"

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். தெரிய வந்த கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறத்தாழப் பாதியில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கிறது. அந்தத் தவறு வாளி தூக்கியதால் வருவதில்லை. பெரும்பாலும் அது கரு உண்டாவதற்கு முன்பே, முட்டை முதிரும்போது நடந்து முடிந்த ஒன்று.

முட்டையின் கதை இன்னும் வியப்பானது. ஒரு பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் உருவாகி, பிரிவின் நடுவே நின்றுவிடுகின்றன. 15 ஆண்டோ 40 ஆண்டோ அப்படியே காத்திருக்கும். சினைப்பையிலிருந்து வெளிவரும் நேரத்தில் ஓர் அடி நகர்ந்து, மறுபடி நின்று, விந்தணு வந்த பிறகுதான் முடிக்கும். அதாவது, உங்களுடைய பாதி, உங்கள் பாட்டி அம்மாவைச் சுமந்துகொண்டு பால்மரம் சீவப் போன காலையிலேயே அங்கே இருந்தது. அவ்வளவு காலம் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதப் பிடி வயதாக ஆகத் தளர்கிறது. வயது கூடும்போது கரு கலையும் வாய்ப்பும், 21-ஆம் குரோமோசோம் மூன்றாக வரும் வாய்ப்பும் கூடுவதற்கு இது முக்கியமான ஒரு காரணம். இதில் யாருடைய ஒழுக்கக் குறைவும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எண்ணிக்கைப் பிழை என்று நாம் சொல்வது குரோமோசோம் பங்கீட்டை மட்டும். டவுன் சின்ட்ரோமோடு பிறந்த பிள்ளையைப் 'பிழை' என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. மாணிக்கவாசகரின் பொருளில் சொன்னால், அந்தப் பிள்ளை பிழைத்து வந்தவன். அத்தனை சல்லடையையும் தாண்டி வந்தவன்.

பாட்டின் எல்லை

திறனாய்வு என்றால் பாராட்டு மட்டும் இல்லை. இந்தப் பகுதியின் எல்லைகள் இரண்டு.

முதலாவது, இங்கே கரு எதையும் செய்வதில்லை. ஆபத்து வருகிறது, கரு தப்புகிறது. காப்பாற்றுவது யார் என்ற கேள்விக்கு விடை பாட்டின் பிற்பகுதியில் 'போற்றி' என்ற வணக்கமாக வருகிறது, காவல் இறைவனுடையது. உயிரணுப் பாடமோ காவல் உள்ளேயே இருக்கிறது என்கிறது. ஒரு சில உயிரணுக்கள் மட்டுமே உள்ள கருவுக்குள் எண்ணிப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு, மடிந்து வழிவிடும் ஏற்பாடும் உண்டு. பக்தர் ஒருவருக்கு இவ்விரண்டும் மோத வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒரே கூற்று என்று எழுதிவிடவும் கூடாது.

இரண்டாவது, பாடுவது பிழைத்து வந்த உயிர். பிழைக்காமல் போனவை பாட்டில் இல்லை. நன்றி சொல்லும் பாட்டில் அவற்றுக்கு இடமில்லாதது இயல்புதான். ஆனால் அந்த மாணவியின் சித்தி போன்றவர்கள் இந்தப் பகுதியைக் கேட்கும்போது மனதுக்குள் எண்ணுவது அந்தப் போனவற்றைத்தான். ஆசிரியர் அதை நினைவில் வைத்துக்கொண்டு நடத்த வேண்டும்.

கலைச்சொல் பற்றி ஒரு வார்த்தை

இந்தப் பாடத்தைத் தமிழில் பேசப் போனால் சொல் குழப்பம் வரும். நாம் பெரும்பாலும் உயிரணு என்போம். தமிழ்நாட்டுப் பாடநூல் செல் என்னும். இலங்கைப் பாடநூல் கலம் என்னும். நாம் குரோமோசோம் என்பதை இலங்கையில் நிறமூர்த்தம் என்பார்கள். நாம் கரு என்பதை அங்கே முளையம் என்பார்கள். எதுவும் தவறில்லை. ஒரு கட்டுரையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள்.

தமிழில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மகப்பேற்று மருத்துவமும் அவற்றில் ஒன்று. நம் பிள்ளைகளில் சிலர் நாளை செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ மருத்துவம் படிக்கப் போவார்கள். திரும்பி வந்து கூலிமிலோ பாடாங் செராயிலோ ஓர் அம்மாவுக்கு, "உங்க மேல தப்பு இல்லம்மா" என்பதைக் காரணத்தோடு தமிழில் விளக்க அவர்களால் முடிய வேண்டும். அதற்கான சொற்களை நாம்தான் இப்போதே கொடுக்க வேண்டும்.

'சோதனைச் சாவடி' என்ற சொல்லை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தபோது சாலையில் பார்த்த போலீஸ் தடுப்புதான் பிள்ளைகள் மனதில் வரும். அங்கே தடுப்பவர் வேறு, நிற்பவர் வேறு. உயிரணுவில் நிறுத்துவதும் நிற்பதும் ஒன்றே. அதனால்தான் தலை எண்ணும் பஸ் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. அதிலும் குறை உண்டு: உயிரணுவில் தனியாக ஓர் ஆசிரியர் இல்லை, பிள்ளைகளே "நான் இன்னும் ஏறல" என்று குரல் கொடுக்கிறார்கள்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

மாணவர்களே, இப்படிப்பட்ட பகுதியைத் திறனாய்வு செய்யச் சொன்னால் நான்கு படியில் போங்கள். பகுதி என்ன சொல்கிறது என்று இரண்டு வரி. அதைச் சொல்ல எந்தச் சொல் அல்லது அமைப்பு உதவுகிறது என்று ஒரு பத்தி. வேறொரு நூலோடோ அறிவோடோ வைத்து, ஒட்டுவதையும் ஒட்டாததையும் பிரித்து ஒரு பத்தி. கடைசியில் உங்கள் மதிப்பீடு.

மாதிரிக்கு ஒரு பத்தி:

"இப்பகுதியில் கவிஞர் கருவின் வளர்ச்சியை உறுப்புகளின் வரிசையாகக் கூறாமல், தப்பித்தல்களின் வரிசையாகக் கூறுகிறார். ஒரே வினை திரும்பத் திரும்ப வருவது, ஒவ்வொரு மாதமும் உயிர் புதிதாக மீட்கப்படுகிறது என்ற உணர்வைத் தருகிறது. இன்றைய உயிரியலும் கரு பல சோதனைகளைக் கடந்தே வளர்கிறது என்கிறது. எனினும் கவிஞர் கூறும் ஆபத்துகளும் காலமும் உயிரியல் கூறுபவற்றிலிருந்து வேறானவை. எனவே இதனை அறிவியல் முன்னறிவிப்பு எனக் கொள்ளாமல், பிறப்பின் அருமையை உணர்த்தும் கவிதையாகக் கொள்வதே பொருந்தும்."

ஆசிரியர்களே, வகுப்பில் கொடுக்க மூன்று கேள்விகள்:

1. 'பிழை' என்ற வேரிலிருந்து வரும் சொற்களை உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து திரட்டுங்கள். பிழைப்பு, பிழைக்கத் தெரிந்தவன், எழுத்துப்பிழை, பிழைச்சுக்கிட்டான்: இவற்றில் எவை தவறைக் குறிக்கின்றன, எவை வாழ்வைக் குறிக்கின்றன?

2. போற்றித் திருஅகவலிலும் கர்ப்பக் கிரியையிலும் தாய் எந்த இடத்தில் நிற்கிறாள்? ஒப்பிடுக.

3. "அன்றே சொன்னார் நம் கவிஞர்" என்ற பேச்சை ஒரு சான்றோடு ஏற்றோ மறுத்தோ எழுதுக.

மூன்றாவது கேள்விக்கு ஏற்று எழுதுபவருக்கும் மதிப்பெண் கொடுங்கள், சான்று சரியாக இருந்தால். கேள்வி நேரத்தில் யாராவது தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினால், பாடவேளை முடிந்தாலும் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த வீட்டில் "என்ன சாப்பிட்டே?" என்ற கேள்வி ஒரு தடவையாவது குறைந்தால், இந்த 13 அடிகளை நடத்தியதற்கு அது போதும்.